காரைப் பிரிப்பதா, தரவு வாங்குவதா?

தடா, ஸ்ரீசிட்டி பக்கம் உதிரிபாகம் செய்கிறவர்கள் போட்டி நிறுவனத்தின் காரை ஆராய இறங்கினால் இந்த இரண்டில்தான் குழம்புகிறார்கள்.

செலவு: பிரித்தால் கார் போச்சு, பழைய விலைக்கு விற்க முடியாது. தரவு என்றால், கார்களைப் பிரித்து அளந்து விவரம் விற்கும் ஏ2மேக்1 போன்ற தரவுத்தளத்துக்குச் சந்தா கட்ட வேண்டும்.

ஆழம்: தரவில் படம், எடை, அளவு உண்டு. டெஸ்லா மாடல் 3-இன் பின் அடிச்சட்டத்தில் சுமார் 70 துண்டுகள். மாடல் ஒய்-யில் அதைப் பெரிய வார்ப்பாக மாற்றினார்கள். இதெல்லாம் திரையிலேயே தெரியும். ஆனால் வார்ப்பின் சுவர் எங்கே மெலிகிறது, வெல்டிங் எவ்வளவு ஊடுருவியிருக்கிறது, பசை எங்கே தடவியிருக்கிறது? நீங்களே அறுத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

வேகம்: தரவுதான், பேச்சே இல்லை. உள்ளூர் மாடல் அதில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேளுங்கள்.

விலைப்புள்ளிக்கு அவசரமா, தரவு. புது வடிவமைப்பா, பிரியுங்கள். ஒரே பாகம் செய்கிறவருக்கு முழுக் கார் எதற்கு? அந்தப் பாகத்தை மட்டும் ஸ்பேர்ஸ் கடையில் வாங்கி அறுங்கள்.