எலி மண்ணீரல் துண்டுகளைப் பதிக்க 6-0 பாலிகிளாக்டின் நூல்: வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் ஊசியைப் பார்த்து வாங்குங்கள். மண்ணீரலை எடுத்துவிட்டு அதன் துண்டுகளை அதே எலியின் ஓமென்டத்தில், அதாவது இரைப்பையிலிருந்து தொங்கும் கொழுப்புத் திரையில், பதிக்கும் வேலைக்கு உடலில் தானே கரையும் பாலிகிளாக்டின் 910 தையல் நூல் (6-0 என்பது அதன் மெல்லிய கன அளவு) நன்றாகப் பொருந்துகிறது. உருண்டை ஊசியோடு வருவதே வேண்டும். வெட்டு விளிம்புள்ள ஊசி மண்ணீரலின் கூழைப் பிளந்துவிடும். சிந்திய கூழ் வயிற்றுக்குள் கண்ட இடத்தில் வேர்பிடிக்கும். பிறகு தொற்றிலிருந்து எலிக்குக் கிடைத்த பாதுகாப்பு நாம் வைத்த துண்டால் வந்ததா, சிந்தியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. அந்த எலியின் உயிர் வீண்.

1952-இல் மருத்துவர்கள் கிங்கும் ஷுமேக்கரும் மண்ணீரல் எடுக்கப்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கு வந்த கடும் தொற்றுகளை விவரித்ததிலிருந்தே இந்த உறுப்பைக் காப்பாற்றும் முயற்சி தீவிரமானது. அதனால் சோதனையில் கூடுதல் கவனம் தகும்.

எடுத்த மண்ணீரலைக் குளிர்ந்த உப்புநீரில் வைத்து, புது பிளேடால் 2 மி.மீ. கனத்துக்கு நறுக்குங்கள். முதல் சில நாள்கள் துண்டுக்கு இரத்தக்குழாய் கிடையாது. சுற்றிலும் இருந்து ஊறிவருவதுதான் உணவு. நடுப்பகுதி செத்துப்போகும், ஓரம் பிழைத்து அங்கிருந்து திசு மறுபடி வளரும். கனமாக நறுக்கினால் கூடுவது செத்த திசுதான். நூலால் துண்டையே இறுக்கிக் கட்டினாலோ பிழைக்க வேண்டிய அந்த ஓரமும் நசுங்கும். துண்டை ஓமென்டத்தின் மேல் பரப்பி, திரையை மடித்து மூடி, மடிப்பின் விளிம்பில் மட்டும் தையல் போடுங்கள். முதல் முடிச்சுக்கு இரண்டு சுற்று, மேலே ஒற்றைச் சுற்றாக இரண்டு போதும். பல இழை பின்னிய நூல் என்பதால் முடிச்சு நழுவாது.

அதே பின்னல்தான் இதன் குறையும். உலர்ந்த நூல் மெல்லிய ஓமென்டத்தை அறுத்துக்கொண்டு வரும். இழுக்கும் முன் உப்புநீரில் நனையுங்கள்.

வலு விஷயத்தில் குறையில்லை. இரண்டு வாரத்தில் சுமார் 75 சதவீதம், மூன்று வாரத்தில் பாதி மிஞ்சும். அதற்குள் துண்டு ஒட்டிக்கொள்ளும். முழுக்கக் கரைய 56 முதல் 70 நாள். 12 வார ஆய்வில் இது சிக்கல், துண்டு எங்கே இருந்தது என்று தேட அடையாளம் இருக்காது. பக்கத்தில் நீல பாலிபுரோப்பிலீன் தையல் ஒன்று போட்டு வையுங்கள், அது கரையாது. விலங்குக் குடலிலிருந்து செய்யும் கேட்கட் நூல் விலை குறைவுதான், ஆனால் அழற்சி அதிகம். பாலிகிளாக்டினைச் சுற்றியும் நான்காம் வாரத்தில் ராட்சத செல்கள் (அந்நியப் பொருளைச் சூழும் பெரிய அழற்சி செல்கள்) தெரியும் என்பதால் நுண்ணோக்கி ஸ்லைடுக்கான வெட்டைத் தையலிலிருந்து விலக்கி எடுங்கள்.

பிரித்த பாக்கெட்டில் மிஞ்சிய நூலை ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) மறுநாள் பயன்படுத்தாதீர்கள். ஈரமும் சூடும் பட்டால் வலு போய்விடும். வெளித்தோலிலும் இதைப் போட வேண்டாம். எலி கடித்துப் பிய்த்துவிடும். தோலுக்கு அடியில் மறைத்துத் தைப்பதே பாதுகாப்பு.