முப்பது பைசா ஸ்டாம்புக்கு நூற்றைம்பது ரூபாய்

அப்பாவுக்கு இந்தத் தையோடு எண்பது முடிந்தது. வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தால் மடிப்புக் கலையாமல் பீரோவுக்குள் போய்விடும். அதனால் இந்த முறை ஸ்டாம்ப் வாங்கினேன். மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது மாதிரி வேலைகளைப் பார்க்கும் ராணுவப் பொறியாளர் படை, அதற்கு இருநூறு வருஷம் ஆனதற்காக 1980-ல் தபால் துறை வெளியிட்டது. விலை 30 பைசா. அப்பா அந்தப் படையில் பதினெட்டு வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர்.

வாங்கியது மாசி வீதிப் பக்கம் ஒரு மாடிக் கடையில். பழைய காசு, நோட்டு, ஸ்டாம்ப் எல்லாம் விற்கிறார்கள். படி செங்குத்து, முட்டிவலி இருப்பவர்கள் யாரையாவது அனுப்பிக்கொள்ளுங்கள். கடைக்காரர் பொறுமைசாலி. "பட்டாலியன் ஸ்டாம்பாக்கா?" என்று கேட்டுவிட்டுத் தடிமனாக ஒரு ஆல்பத்தையே எடுத்து முன்னால் வைத்தார். ராணுவத்துக்கென்று இத்தனை ஸ்டாம்ப் வந்திருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காலாட்படையான மெட்ராஸ் ரெஜிமென்டின் நாலாவது பட்டாலியனுக்கு, வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி என்பார்களே அதற்கு, 1994-ல் ஒன்று வந்திருக்கிறது. அதையும் எடுத்துக்கச் சொன்னார். அப்பாவிடம் காலாட்படை ஸ்டாம்பை நீட்டினால் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. சாப்பர்ஸ் ஒன்று போதும் என்றுவிட்டேன்.

மிண்ட், அதாவது முத்திரை விழாதது, 150 ரூபாய். முத்திரை விழுந்தது 40. பிறந்தநாளுக்கு எதற்குப் பழசு என்று மிண்டையே எடுத்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

ஸ்டாம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. 1780 காலத்துச் சீருடை ஒன்று, 1980 சீருடை ஒன்று, கூடவே படையின் சின்னம். இருநூறு வருஷத்தை இரண்டே ஆளாக நிறுத்திவிட்டார்கள். என்ன, எண்பது வயதுக் கண்ணுக்கு லென்ஸ் இல்லாமல் ஆகாது.

குறை பின்பக்கத்தில். வீட்டுக்கு வந்து இடுக்கியால் திருப்பிப் பார்த்தால், பசையில் நகம் அளவுக்கு ஒரு சதுரத் தழும்பு. யாரோ ஒரு காலத்தில் ஹிஞ்ச், அதாவது பசை தடவிய குட்டித் தாள், போட்டு ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்திருக்கிறார்கள். ஓரப் பல்லோரம் கடுகு மாதிரி மூன்று பழுப்புப் புள்ளி வேறு. ஈரம் பட்டால் வருவது. சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பதே பசையைத்தானாம், எனக்கு யார் சொன்னார்கள்? கடைக்காரருக்குப் போன் போட்டால், "சட்டம் போடப் போறீங்க, பின்பக்கம் யாருக்கா பாக்கப் போறா?" என்கிறார். அப்படியானால் மிண்டுக்கு ஏன் 110 ரூபாய் அதிகம் வாங்கினீர்கள் என்று கேட்டேன். பேச்சு மூச்சு இல்லை.

சரி, கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தழும்பையெல்லாம் அவர் கண்டுகொள்ளவில்லை. "என்ன தாயி, இது எங்கயும் போகாத ஸ்டாம்பா?" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் வாயைத் திறந்தவர் மூடவில்லை. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் படையின் பயிற்சி சென்டர், அங்கே பட்ட பாடு, இவர்களை எல்லோரும் 'தம்பி' என்றே கூப்பிடுவது. சுபேதார் சுப்பிரமணியன் கதை எத்தனையாவது தடவையோ. இதே படைக்காரர், காஞ்சிபுரம் பக்கம், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிரை விட்டவர். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். 2024-ல் வயநாடு நிலச்சரிவின்போது சூரல்மலையில் 190 அடிக்குப் பெய்லி பாலம், இரும்புச் சட்டங்களைக் கோத்துச் சட்டென்று போடுவது, போட்டார்களே, அதுவும் இவர்கள்தான். அந்த ராத்திரி அப்பா டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பாலத்தின் இரும்புச் சட்டம் ஒன்றைத் தூக்க ஆறு பேர் வேண்டும், எண்ணிக்கொண்டே தூக்கணும் என்று சொல்லிக் கையை நீட்டிக் காட்டினார். கை நடுங்கியது.

மறுநாளே படியேறிப் போய் அந்த 40 ரூபாய் ஸ்டாம்பைக் கேட்டேன். கடைக்காரர் பசைத் தழும்புக்காக இதற்குக் காசு வாங்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கவரோடு வெட்டிய துண்டு, அரைவட்டமாகக் கறுப்பு முத்திரை. மிண்டைச் சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது. இரண்டாவது அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு: கடை மோசமில்லை, ஆனால் மிண்ட் என்றால் அங்கேயே இடுக்கி கேட்டுத் திருப்பிப் பாருங்கள். விலை ஏறும் என்று சொல்வதை நம்பி மொத்தமாக வாங்காதீர்கள். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வராமல் அட்டை ஒன்று எடுத்துப் போங்கள். வீட்டுப் பெரியவருக்கு என்றால் முத்திரை விழுந்ததையே வாங்கலாம்.

அப்பாவின் ஸ்டாம்பில் முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது. ஊர்ப் பெயரின் கடைசியில் 'பட்டி' மட்டும் தெரிகிறது. நம்ம பக்கம் பட்டிக்கா பஞ்சம்? உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, கொட்டாம்பட்டி என்று லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகத் தேடுகிறார். நேற்று ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணி, "கல்லுப்பட்டியா இருக்குமோ தாயி?" என்கிறார்.