சொந்தப் பேரில் பாடலாமா, வேஷம் கட்டலாமா?

கிருஷ்ணகிரி பக்கம் மேடைக் காமெடி செய்கிற தம்பிகள் அடிக்கடி கேட்பது: "அண்ணா, சிரிப்புப் பாட்டை என் பேர்லயே விடவா, புதுசா ஒரு பாடகர் வேஷம் போடவா?"

செலவு
சொந்தப் பேர்: மைக், டிராக், அவ்வளவுதான்.
வேஷம்: விக், கண்ணாடி, உடுப்பு. போகிற மேடைக்கெல்லாம் அதே உடுப்பு வேண்டும். மாங்கனி சீசன் வெயிலில் ஒருவருக்கு விக் பசை உருகி, இரண்டாவது சரணத்தில் முடி புருவத்துக்கு இறங்கிவிட்டது. கூட்டம் அதற்குத்தான் அதிகம் சிரித்தது!

சுலபம்
சொந்தப் பேரில் குரல் பிசிறினால் மானம் போகும். வேஷத்தில் பிசிறும் நடிப்புதான். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் விடிய விடிய இதைத்தானே செய்கிறான்?

ஆயுள்
இங்கேதான் சிக்கல். ஜப்பான் காமெடியன் கொசாக்கா 2016இல் 'பிக்கோ தாரோ' என்ற பாடகராக வேஷம் கட்டினார். பேனா, ஆப்பிள், அன்னாசி பற்றிய 45 நொடிப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 என்ற டாப் பாட்டுப் பட்டியல் வரை போனது. ஆனால் வெளிநாட்டில் பிக்கோ தாரோவைத் தெரிந்த பலருக்குக் கொசாக்காவைத் தெரியாது. வடிவேலு 1995இல் 'எட்டணா இருந்தா' பாடினார். பாட்டும் நின்றது, பேரும் அவருக்கே சேர்ந்தது.

சரி, கல்யாணம், திருவிழா என்று உள்ளூரிலேயே புக்கிங் வேண்டுமா? சொந்தப் பேர். போனில் பரவ வேண்டும், வேலை பார்க்கும் ஆபீசில் முகம் தெரியக் கூடாது என்றால் வேஷம். விக்குக்கு மட்டும் நல்ல பசையாக வாங்குங்கள்.