எக்ஸ்எஃப்சிஇயா, க்னோமா, பிளாஸ்மாவா? அப்டேட் வரும் நாளில் தெரியும் வித்தியாசம்

லினக்ஸ் போடுவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி டெஸ்க்டாப், அதாவது மெனு, பேனல், விண்டோ என்று திரையில் நாம் பார்க்கும் எல்லாம் சேர்ந்த தொகுப்பு. இலகுவான எக்ஸ்எஃப்சிஇயா, எல்லா வசதியும் சேர்ந்து வரும் க்னோம் அல்லது கேடிஇ பிளாஸ்மாவா? ராம் கணக்கை முதலிலேயே முடித்துவிடலாம். எதையும் திறக்காதபோது எக்ஸ்எஃப்சிஇ பெரும்பாலும் 1 ஜிபிக்குள் நிற்கும், க்னோம் அதைத் தாண்டும். உபுண்டு, ஃபெடோரா என்று எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். 4 ஜிபி மெஷினில் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கலாம். 8 ஜிபி இருந்தால் ராமை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எக்ஸ்எஃப்சிஇ பக்கம் சாயக் காரணம் பராமரிப்பு.

க்னோமில் ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு, மார்ச்சிலும் செப்டம்பரிலும். வெறும் க்னோமை வந்தபடியே பயன்படுத்துபவருக்கு இதில் சிக்கல் இல்லை. ஆனால் கீழே டாஸ்க்பார் வேண்டும், டிரே ஐகான் (கடிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சிறு ஐகான்) வேண்டும் என்று எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) போட ஆரம்பித்தால் கதை வேறு. எந்தெந்தப் பதிப்பில் ஓடும் என்று ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனின் மெட்டாடேட்டா கோப்பிலும் எழுதியிருக்கும். புதுப் பதிப்பின் எண் அதில் இல்லையென்றால் க்னோம் அதை ஏற்றாது; அப்டேட் முடிந்து லாகின் செய்தால் டாஸ்க்பார் இருக்காது. அந்த எண்ணைக் கையால் சேர்த்துச் சமாளித்தவர்களுக்கும் 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45 ஆப்பு வைத்தது. எக்ஸ்டென்ஷன்கள் எழுதப்படும் ஜாவாஸ்கிரிப்டில், கோப்புகளை இணைக்கும் மாட்யூல் முறையே மாறியதால் பழைய எக்ஸ்டென்ஷன்களைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

பிளாஸ்மாவில் பேனலும் (டாஸ்க்பார் போன்ற பட்டை) டிரேயும் கூடவே வருவதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் 2024 பிப்ரவரியில் பிளாஸ்மா 6 வந்தபோது, வெளியார் எழுதிய பழைய விட்ஜெட்டுகள் (டெஸ்க்டாப்பில் வைக்கும் சிறு கருவிகள்), பிளாஸ்மாவின் அடித்தளமான க்யூட்டி நூலகத்தின் புதுப் பதிப்புக்கு மாற்றப்படும்வரை ஓடவில்லை.

எக்ஸ்எஃப்சிஇ 4.16 வந்தது 2020 டிசம்பரில். 4.18 வந்தது 2022 டிசம்பர், 4.20 வந்தது 2024 டிசம்பர். மூன்றிலும் பேனல் ஒரே பேனல்தான். சலிப்பாக இருக்கிறதா? வேலை செய்யும் கம்ப்யூட்டருக்கு அந்தச் சலிப்புதான் வேண்டும். அமைப்புகள் கான்ஃபிக் என்ற மறைவுக் கோப்புறைக்குள் எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருக்கின்றன. புது மெஷினுக்கு அப்படியே காப்பி செய்யலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: டெஸ்க்டாப் ஓடும்போது காப்பி செய்தால், நினைவில் வைத்திருக்கும் பழைய அமைப்பை அதன் சர்வீஸ் மேலே எழுதிவிடும். லாக்அவுட் செய்து, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி, கறுப்புத் திரையில் லாகின் செய்து காப்பி செய்யுங்கள். பேனல் மட்டும் போதுமென்றால், பேனல் ப்ரொஃபைல்ஸ் கருவியில் சேமித்து எடுத்துப் போகலாம்.

எக்ஸ்எஃப்சிஇ சறுக்குவது திரையில். திரையில் இருப்பதைப் பெரிதாக்கும் விண்டோ ஸ்கேலிங்கில் 1, 2 என்று முழு மடங்குதான் ஒழுங்காக வரும். 125 சதவீதம் வேண்டுமென்றால் ஃபான்ட்ஸ் டேபில் டிபிஐயை (எழுத்தின் அளவைத் தீர்மானிக்கும் எண்) 96இலிருந்து 120 ஆக்கி, பேனல் உயரத்தையும் ஐகான் அளவையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். லேப்டாப்பில் அடர்த்தியான திரை, பக்கத்தில் சாதாரண மானிட்டர் என்றால் இதுவும் கைகொடுக்காது: டிபிஐ இரண்டுக்கும் ஒன்றுதான். அப்படிப்பட்டவர்கள் தயங்காமல் பிளாஸ்மாவின் வேலேண்ட் (திரையில் விண்டோக்களைக் காட்டும் புதிய முறை) செஷனுக்குப் போகலாம். அதில் திரைக்குத் திரை தனி அளவு வைக்கலாம். 4.20இல் எக்ஸ்எஃப்சிஇக்கும் வேலேண்ட் வந்திருக்கிறது, ஆனால் சோதனை நிலையில்தான். எக்ஸ்எஃப்சிஇயின் சொந்த விண்டோ மேனேஜர் (விண்டோக்களை நகர்த்தி அடுக்கும் நிரல்) வேலேண்டில் ஓடாது, அதற்குப் பதில் லேப்டபிள்யூசி போன்ற ஒன்றைச் சேர்க்க வேண்டும். தினசரி வேலைக்கு அதைப் பரிந்துரைக்கும் அளவுக்கு இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.