ட்ரக்டர் ரயருக்குள்ள 'வின்ரர் லிக்விட்' எண்டு வெறும் தண்ணி: ஸ்னோ தள்ள ட்ரக்டர் வாங்கிறவை கவனம்

கடைப் பேர் போடேல்லை, பேந்து வக்கீல் கடிதம் அது இதெண்டு அலைய எனக்கு ஏலாது. ஆனா நடந்ததை அப்பிடியே எழுதுறன், இந்த வின்ரருக்கு ட்ரக்டர் பாக்கிற ஆக்கள் ஆராவது இருந்தா உதவும்.

நாங்கள் கனடாவில ஸ்காபரோ வீட்டை வித்துப்போட்டு 2022 இல ஒரிலியாவுக்கு வெளியில கொஞ்சம் காணியோட ஒரு வீடு வாங்கி வந்தனாங்கள். டிரைவ்வே 120 மீட்டர், அதில ரோட்டுக் கரையில நல்ல ஏத்தம். முதல் ரெண்டு வின்ரரும் ஆள் வைச்சுத் தள்ளி, அவன் வாற நேரத்துக்கு நான் வேலைக்குப் போய் முடிஞ்சிரும், அந்தக் கோபத்தில 2024 செப்ரெம்பரில 25 குதிரைவலு 4 வீல் டிரைவ் ட்ரக்டர் ஒண்டு, முன்னுக்கு ஸ்னோ அள்ளுற பெட்டியோட (லோடர்), எடுத்தன். வித்தது எங்கட தமிழ்ப் பெடியன். ஊர், பள்ளிக்கூடம் எல்லாம் விசாரிச்சு, "அண்ணை, உங்களுக்கு நான் பிழையா ஒண்டு தருவனோ" எண்டான். அதோட நான் கேள்வி கேக்கிறதையே விட்டிட்டன், அதுதான் என்ர பிழை.

ரயர் ஆர் 4 எண்ட வகை. "இது எல்லாத்துக்கும் ஓடும் அண்ணை, புல்லு, சேறு, ஸ்னோ" எண்டு சொன்னவன். இப்ப யோசிச்சா அவன்ர முற்றத்தில நிண்ட ட்ரக்டர் முழுக்க ஆர் 4 தான், வேற போட்டுத்தாறதெண்டா அவனுக்கு வேலை, அவ்வளவுதான் விசயம். பின் ரயர் பாரம் காணாது, உள்ளுக்கு வின்ரர் லிக்விட் நிரப்பவேணும் எண்டு தனியா 380 டொலர் எடுத்தான். பில்லில 'ரயர் நிரப்பினது' எண்டு மட்டும் கிடக்கு.

நவம்பர் கடைசியில கிரேவன்ஹேர்ஸ்ட் பக்கம் ஒரு மீட்டருக்கு மேல கொட்டி ஹைவே 11 ஐயே மூடினவங்கள் எல்லோ, எங்களுக்கும் அதில நல்ல பங்கு. லோடர் நிறைய ஸ்னோ அள்ளிக்கொண்டு ஏத்தத்தில திரும்புறன், பின் சில்லு ரெண்டும் சுத்துது, ட்ரக்டர் மேல போகாம அப்பிடியே பக்கவாட்டா வழுக்கிக் கீழ வருது, பிரேக் பிடிச்சாலும் சறுக்குது, பெட்டியைக் கீழ இறக்கி நிலத்தில குத்தித்தான் தபால்பெட்டிக்கு ரெண்டடி தள்ளி நிப்பாட்டினன். கை நடுக்கம் நிக்க அரை மணித்தியாலம் போச்சு.

ஆர் 4 கெட்ட ரயர் எண்டு நான் சொல்லேல்லை. லோடர் வேலைக்கு, கல்லு முள்ளுக்கு அது நல்லம், தடிப்பு. ஆனா அகலம், மேல இருக்கிற றப்பர்க் கட்டை பெரிசு பெரிசா இருக்கும், றப்பரும் விறைச்சது, இறுகின ஸ்னோவிலயும் ஐஸிலயும் கடிச்சுப் பிடிக்க விளிம்பு இல்லை. ஆர் 1, அதுதான் எங்கட வன்னி வயல்களில பாத்த அந்த சரிஞ்ச வரி வைச்ச ரயர், ஆழமான தூள் ஸ்னோவை வெட்டிக்கொண்டு போகும், ஆனா ஐஸில அந்த வரி மட்டும்தான் நிலத்தில முட்டும், அதுவும் வழுக்கும். புல்லுக்குப் போடுற ஆர் 3 ஐச் சனம் பகிடி பண்ணும், ஆனா அதில சின்னச் சின்னக் கட்டை நிறைய இருக்கிறதால இறுகின ஸ்னோவில ஆர் 4 ஐ விடப் பிடிக்கும். பின்லாந்து நோக்கியன்காரன் 1934 இலயே பனிக்கெண்டு தனியா ரயர் செய்தவன், ட்ரக்டருக்கும் கத்திக் கீறல் மாதிரி வெட்டு வைச்ச ரயர் அவனிட்ட இருக்கு, விலையைக் கேட்டா இருமல் வரும். ஆர் 4 தான் வைச்சிருக்கப்போறன் எண்டா செயின் போடாம ஏத்தத்துக்குப் போகாதேங்கோ, குறுக்குச் சங்கிலி நெருக்கமா இருக்கிற ரெண்டு லிங்க் செயினா வாங்குங்கோ, ஐதா இருந்தா கட்டைக்கு நடுவில விழுந்து போட்டதும் ஒண்டு போடாததும் ஒண்டு.

சரி, இனித்தான் தண்ணிக் கதை. கிறிஸ்மஸுக்கு முதல் ஒரு இரவு -20 க்குப் போச்சு, விடிய எடுத்தா ட்ரக்டர் டொம் டொம் எண்டு குதிக்குது, சதுரச் சில்லு பூட்டின மாட்டுவண்டில் மாதிரி. பக்கத்துக் காணி வெள்ளைக்காரக் கிழவர், மாடு வளக்கிறவர், வந்து பின் ரயரைச் சுத்தியலால ஒரு தட்டுத் தட்டினார், கல்லு மாதிரிச் சத்தம். அவற்ற ஹீற்றர் போட்ட கொட்டிலில மூண்டு நாள் விட்டு, வால்வு கீழ வரச் சில்லை உருட்டி, ஊசியை அமத்த, பீய்ச்சிக்கொண்டு வந்தது. பாரத்துக்கு ரயருக்குள்ள விடுற, குளிரில லேசில உறையாத பீற் ஜூஸ் எண்டா மண்ணிறமா, பாணி மாதிரிப் பிசுபிசுக்கும். அதுக்கு விடுற மற்றது, கார்க் கண்ணாடி கழுவுற தண்ணி எண்டா நீலம் இல்லாட்டிப் பச்சை. இது ஒரு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரு பேப்பர் கப்பில பிடிச்சு வெளிய வைச்சம், அடுத்த நாள் கப்பைக் கிழிக்க வெள்ளைக் கட்டி. 380 டொலருக்கு குழாய்த்தண்ணி! பாரத்திலயும் ஏமாத்துத்தான், தண்ணி ஒரு யூஎஸ் கலன் 8.3 இறாத்தல், பீற் ஜூஸ் கிட்டத்தட்ட 11.

கடைக்குப் போனா, "பீற் ஜூஸ் எண்டு பில்லில எங்க எழுதிக் கிடக்கு அண்ணை?" எண்டு கேக்கிறான். சிரிச்ச முகத்தோட. பேந்து அவனே, பின் ரெண்டையும் ஆர் 1 ஆ மாத்தித் தாறன், முன் ரயர் அப்பிடியே கிடக்கட்டும், 1900 எண்டான். நல்லகாலம் கிழவரிட்டக் கேட்டன். 4 வீல் டிரைவில முன் சில்லும் பின் சில்லும் ஒரு கணக்குக்குப் பூட்டினது, முன்னுக்கு இருக்கிறது ஒரு சில வீதம்தான் கூட இழுக்கவேணும், பின் ரயரின்ர சுத்தளவை மட்டும் மாத்தினா ரெண்டும் ஒண்டோட ஒண்டு மல்லுக்கட்டி முன் கியர்தான் உடையும் எண்டார். ட்ரக்டர் விக்கிறவனுக்கு இது தெரியாதோ? தெரியும்.

கடைசியில வேற இடத்தில தண்ணியை இறக்கி பீற் ஜூஸ் விட்டு, பில்லில லிக்விட்டின்ர பேரும் எத்தினை கலன் எண்டதும் எழுதி வாங்கி, பின்னுக்குச் செயின் போட்டு ஓடுறன், ஏத்தத்தில இப்ப நிக்குது. போட்ட 380 திரும்ப வரேல்லை, ஐஸ்கட்டிப் போட்டோ அனுப்பினதுக்கு நீல ரிக் மட்டும் விழுந்தது.

உங்கட ட்ரக்டருக்கும் ஆராவது இப்பிடி நிரப்பித் தந்திருந்தா குளிர் இறுக முதல் வால்வைக் கீழ விட்டு ஒரு கப் பிடிச்சு பிறீசருக்குள்ள வைச்சுப் பாருங்கோ. கண்ணுக்குக் கண்ணாடி போட்டிட்டு அமத்துங்கோ, நல்ல வேகமா அடிக்கும்.