வளைந்த அம்பா, நுழையும் அம்பா? கார் ஏசியில் ஒரு குடும்பச் சண்டை

கார் ஏசி பட்டன்களுக்கு நடுவே ஒரு குட்டிப் படம் இருக்கும். காரின் உருவம், அதன் வயிற்றுக்குள்ளேயே வளைந்து திரும்பும் ஓர் அம்பு. உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிடு என்று அர்த்தம். அம்பு வெளியிலிருந்து காருக்குள் நுழைந்தால் வெளிக்காற்று. பழைய வண்டிகளில் இரண்டு படத்துக்கும் நடுவே தள்ளுகிற லிவர் இருந்தது. இப்போது பெரும்பாலும் வளைந்த அம்பு பட்டன் ஒன்றுதான்: விளக்கு எரிந்தால் உள்காற்று, அணைந்திருந்தால் வெளிக்காற்று.

எங்கள் வீட்டில் அண்ணன் உள்காற்றுக் கட்சி. வண்டி வாங்கிய அன்று அழுத்தியதுதான், அப்புறம் அணைத்ததே இல்லை. மயினி, அதாவது அண்ணி, வெளிக்காற்றுக் கட்சி.

ஏப்ரல் வெயிலில் கன்னியாகுமரியில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினால் அண்ணன் பக்கம்தான் நியாயம். ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே ஏசி மறுபடி குளிர்விப்பதால் சீக்கிரம் குளிரும். ஆனால் வெந்து கிடக்கும் வண்டியில் ஏறியதும் அதைப் போடக்கூடாது. முதலில் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்ற வேண்டும். மார்த்தாண்டம் நெரிசலில் முன்னால் போகும் பஸ் புகை கக்கும்போதும், குளச்சல் பக்கம் மீன் வாடை தூக்கும்போதும் உள்காற்றுதான். தோவாளையில் பூச்சந்தை நேரத்தில் மட்டும் அதைப் போடுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை.

மழை வந்தால் கதை மாறும். நம் குமரி மாவட்டத்துக்கோ ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. போன ஜூனில் தக்கலையிலிருந்து குலசேகரம் போகும்போது நாலு பேரும் நனைந்து ஏறினோம். கொஞ்ச தூரத்தில் முன்கண்ணாடி முழுக்க ஆவி. அண்ணன் துண்டால் துடைத்தார், மறுபடி மூடியது. பிறகு வளைந்த அம்புகள் போட்ட ஒரு பட்டனை அழுத்தினார், முன்னால் ஒன்றும் நடக்கவில்லை. அதில் இருந்த கண்ணாடிப் படம் செவ்வகம். அது பின்கண்ணாடியில் ஓடும் கம்பிகளைச் சூடாக்குகிற பட்டன். முன்கண்ணாடிக்கானது விசிறி போல் விரிந்த படம், அதன் மேல் மூன்று வளைந்த அம்புகள்.

"ஏங்க, மொதல்ல அந்த சுத்துற அம்ப அணைங்க" என்றார் மயினி பின்னாலிருந்து.

"வெளியே கொட்டுது. வெளிக்காத்தும் ஈரந்தானே?"

நல்ல கேள்வி. ஆனால் ஏசி ஓடும்போது அந்தக் காற்று ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளைத் தாண்டித்தான் வருகிறது. ஈரம் அங்கேயே நீராகிச் சொட்டிவிடும். வண்டிக்கு அடியில் வடிகிறதே, அதுதான். காய்ந்த காற்று கண்ணாடியில் படும், நம் மூச்சும் ஈரத்துணியும் கிளப்பிய ஆவி வெளியேறும். உள்காற்றில், அதுவும் ஏசி ஓடாதபோது, ஆளுக்கு ஆள் மூச்சு விட விட ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆக வெளிக்காற்றோடு ஏசியும் ஓட வேண்டும். பல வண்டிகளில் விசிறிப் படத்தை அழுத்தினாலே இரண்டும் தானாக நடக்கும். அன்று சீக்கிரமே கண்ணாடி தெளிந்தது. அண்ணன் எதுவும் பேசவில்லை.

இரண்டு அம்பும் உதவாத ஒரு நேரமும் உண்டு. புழுக்கமான இரவில் ஏசியைக் கடுங்குளிரில் வைத்துக் கண்ணாடி மேல் அடிக்கவிட்டால் ஆவி வெளிப்பக்கம் படியும். உள்ளிருந்து விரலால் தேய்த்தால் போகாது, வைப்பர் ஒரு வீச்சில் துடைத்துவிடும். குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்குத் திருப்பினால் மறுபடி படியாது.

இரவில் மதுரை வரை ஓட்டுவதானால் நான் மயினி கட்சி. நாலு பேர் விட்ட மூச்சையே மணிக்கணக்கில் சுற்றவிட்டால் கரியமில வாயு கூடி ஓட்டுகிறவருக்கே மந்தம் தட்டும்.

வெளிக்காற்றில் வைத்தும் காற்று மெதுவாக வந்தால் வைப்பருக்கு அடியில் இருக்கும் ஓட்டை போட்ட தடுப்பைப் பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் அதுதான் காற்று நுழையும் வாசல். எங்கள் வண்டியில் அயனி மரத்துச் சருகு ஒரு கைப்பிடி கிடந்தது. "வெளிக்காத்து வேணும்னு கேட்டா சருகும் சேந்துதான் வரும்" என்றார் அண்ணன்.