டைல்ஸில் டக் டக் கேட்காத சைக்கிள் ஷூ: ஸ்னீக்கர் வகையா, எக்ஸ்சி வகையா?

வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஒரு பக்கம் 8 முதல் 15 கி.மீ. சைக்கிள். பெடலில் மாட்டிக்கொள்ளும் ஷூ வேண்டும், அதே ஷூவோடு பார்க்கிங்கிலிருந்து லிஃப்ட் வரைக்கும், மதியம் சாப்பாட்டுக்கடை வரைக்கும் நடக்கவும் வேண்டும். இந்தத் தேவையோடு கடைக்குப் போனால் மூன்று வகை ஷூவைக் காட்டுவார்கள். முதலாவதான ரோடு ஷூவை அங்கேயே வைத்துவிடலாம். பெடலில் மாட்டிக்கொள்வதற்காக ஷூவின் அடியில் திருகும் துண்டுக்குப் பெயர் க்ளீட். ரோடு ஷூவில் மூன்று போல்ட்டில் மாட்டும் எஸ்பிடி-எஸ்எல், லுக் வகை க்ளீட்டுகள் சோலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பவை. பிளாஸ்டிக் என்பதால் சிமெண்ட் தரையில் நடக்க நடக்கத் தேயும், ஈரப் படிக்கட்டில் வழுக்கும்.

மிச்சம் இரண்டும் ஷிமானோ 1990-இல் கொண்டுவந்த எஸ்பிடி முறையில் வேலை செய்பவை. இரண்டு போல்ட், சின்ன இரும்பு க்ளீட், அது சோலில் இருக்கும் பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஒன்று ஸ்னீக்கர் வகை: ஷிமானோ சிடி5, ஜைரோ ரம்பிள் விஆர், அடிடாஸ் வெலோசாம்பா போன்றவை. பார்க்கச் சாதாரண ஷூ, லேஸ், முழுநீள ரப்பர் சோல். இன்னொன்று எக்ஸ்சி, அதாவது மலைச் சைக்கிள் பந்தயத்துக்கான ஷூ: ஷிமானோ எக்ஸ்சி1 மாதிரி. விறைப்பான சோல், அதன் இரு ஓரமும் கெட்டியான பற்கள், மேலே வெல்க்ரோ அல்லது திருகி இறுக்கும் டயல்.

என் ஓட்டு ஸ்னீக்கருக்கு. எக்ஸ்சி எடை குறைவு, காற்றோட்டம் அதிகம், நனைந்தால் சீக்கிரம் காயும், மிதிக்கிற விசை வீணாகாது. எல்லாம் உண்மைதான். ஆனால் 40 நிமிஷ ஆபீஸ் பயணத்தில் இவற்றால் கிடைக்கும் லாபம் சொற்பம். நாள் முழுக்க அந்த ஷூவைக் கழற்றாமல் இருப்பவருக்கு முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: க்ளீட்டுக்கும் தரைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, அது எத்தனை நாள் தாங்கும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். கையோடு இரண்டு பழைய டெபிட் கார்டும் ஒரு ஜோடி க்ளீட்டும் கொண்டுபோங்கள். ஒரு கார்டின் தடிமன் 0.76 மி.மீ. க்ளீட்டை மாட்டி, ஷூவைச் சமதரையில் வைத்து, க்ளீட்டுக்கு அடியில் கார்டைச் செருகிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து தாராளமாக நுழைந்தால் 1.5 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கிறது, போதும். ஒன்றே சிக்கி நின்றால் அந்த ஷூ வேண்டாம். பிறகு ஷூவைப் போட்டுக்கொண்டு முன்பாதத்தில் முழு எடையையும் இறக்கி நில்லுங்கள். ரப்பர் அமுங்கும், கையால் அழுத்தும்போது தெரியாத ‘டக்’ சத்தம் இப்போது கேட்கலாம். ஒரு படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து ஏறியும் பாருங்கள், க்ளீட் முதலில் இடிப்பது அங்கேதான்.

புது ஷூவில் இரண்டு வகையும் இந்தச் சோதனையில் தேறிவிடும். வித்தியாசம் தேய்மானத்தில்தான். எக்ஸ்சி ஷூவில் தரையைத் தொடுவது சில பற்கள் மட்டும். மொத்த எடையும் அந்தச் சின்னப் பரப்பில் இறங்குவதால், மண்பாதைக்குச் செய்த பற்கள் கான்கிரீட்டில் வேகமாகக் கரையும், அதுவும் கட்டைவிரல் மேட்டுக்கு நேர் கீழே இருக்கும் உள்பக்கப் பல்தான் முதலில் போகும். அது 2 மி.மீ. தேய்ந்தாலே க்ளீட் தரையைத் தொட ஆரம்பித்துவிடும். அப்புறம் ஆபீஸ் லாபியின் டைல்ஸில் இரும்பின் மேல் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். விலை குறைந்த எக்ஸ்சி ஷூக்களில் இந்தப் பற்கள் ரப்பராக இல்லாமல் கெட்டி பிளாஸ்டிக்காக இருப்பது சகஜம். துடைத்த ஈரம் காயாத கிரானைட்டில் அது பிடிக்காது. விறைப்பான சோல் நடக்கும்போது மடங்காது என்பதால் குதிகால் ஒவ்வொரு அடிக்கும் மேலே எழும்பி உரசும். கொப்புளம் வருவது இதனாலும்தான், சைஸ் தப்பாக வாங்கியதால் மட்டும் அல்ல.

ஸ்னீக்கரில் பள்ளத்தைச் சுற்றி அகலமான ரப்பர். எடை பரவுவதால் தேய்மானம் மெதுவாக, சீராக நடக்கும்.

அதற்காக ஸ்னீக்கரில் குறை இல்லையா? இருக்கிறது. சோல் ரப்பர் தடிமனாக இருப்பதால் சில பெடல்களில் க்ளிப்பே ஆகாது, அல்லது ஆனபின் கழற்ற முரட்டுத்தனமாகத் திருப்ப வேண்டியிருக்கும். ஷிமானோ எம்520 போன்ற சின்ன உடல் கொண்ட பெடலில் இந்தத் தொல்லை குறைவு. ஒரு பக்கம் எஸ்பிடி, மறுபக்கம் தட்டையாக இருக்கும் ஈஎச்500 போன்ற அகலப் பெடலில் அதிகம். நாலைந்து முறை மாட்டிக் கழற்றிவிட்டுப் பெடலைப் பாருங்கள், ரப்பர் உரசிய இடத்தில் கறுப்புத் தடம் இருக்கும். லேசான உரசல் நல்லதே, கால் ஆடாமல் நிற்கும். மாட்டவே முடியாத அளவுக்கு இருந்தால் இரண்டு வழி: க்ளீட்டுக்கும் சோலுக்கும் நடுவே 1 மி.மீ. ஸ்பேசர் (மெல்லிய தகடு) வைப்பது, அல்லது தடம் பட்ட ரப்பரைப் பேப்பர் கட்டரால் சீவுவது. ஸ்பேசர் வைத்தால் தரையிலிருந்து கிடைத்த இடைவெளியில் 1 மி.மீ. அப்படியே போய்விடும். அதனால் சீவுவதே மேல், ஆனால் பள்ளத்தின் ஓரத்தை மட்டும், ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டராக. வெட்டியது திரும்ப வராது.

இன்னொரு குறை, இளகின சோல். க்ளீட் இருக்கும் புள்ளியில் பாதத்துக்கு அடியில் சூடு பிடித்த மாதிரி வலிக்கும். 15 கி.மீ. வரை பெரும்பாலும் தெரியாது. ஒரு பக்கமே 20 கி.மீ.க்கு மேல் என்றால் என் ஓட்டு எக்ஸ்சிக்கு மாறும், ஆபீஸில் ஒரு செருப்பைப் போட்டு வைத்தால் கணக்கு சரியாகிவிடும். க்ளீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டினாலும் இந்த வலி குறையும்: ஷூவைப் போட்டபடி கட்டைவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் தொட்டு வெளியே குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுப்புள்ளியிலிருந்து 3–5 மி.மீ. குதிகால் பக்கம் நகர்த்துங்கள்.

லேஸ் நுனி வலது பக்கம் செயினில் சிக்கும். முடிச்சுப் போட்டபின் மிச்சத்தைக் குறுக்கு லேஸுக்குள் செருகிவிட வேண்டும். டயல் வைத்த ஷூவை நான் நெடுநாள் புழங்கியதில்லை, அதில் இந்தக் கவலை இல்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

ஷூ எதுவானாலும் க்ளீட் விஷயத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள். ஷிமானோ பெடலோடு வழக்கமாக வரும் எஸ்எச்51 க்ளீட், குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். சிக்னலுக்குச் சிக்னல் கால் ஊன்றும் ஊரில் எஸ்எச்56 வசதி, பதற்றத்தில் கோணலாக மேல்நோக்கி இழுத்தாலும் விட்டுவிடும். பெடலின் பிடியை இறுக்கித் தளர்த்தும் டென்ஷன் ஸ்க்ரூவைக் கடைசி வரை தளர்த்தி வைத்துத் தொடங்கி, பழகினபின் இரண்டிரண்டு க்ளிக்காக இறுக்கலாம். போகிற தூரமே 4 கி.மீ., நடுவில் பத்துச் சிக்னல் என்றால் க்ளிப் பெடலே வேண்டாம். முள் வைத்த தட்டைப் பெடலும் சாதாரண ஷூவும் தாராளம்.

பராமரிப்பில் சொதப்புவது போல்ட்டில்தான். ஐப்பசி மழையில் நாலு நாள் ஓட்டினால் 4 மி.மீ. ஆலன் கீ நுழையும் குழியில் மணல் இறுகிவிடும். அப்படியே கீயை வைத்துத் திருகினால் குழியின் முனை மழுங்கும், பிறகு க்ளீட் தேய்ந்தாலும் கழற்ற முடியாது. ஊக்கால் மணலை முழுக்கக் கிளறி எடுத்து, கீயைச் சுத்தியால் லேசாகத் தட்டி அடிவரை இறக்கிவிட்டுத் திருகுங்கள். ஏற்கெனவே மழுங்கியிருந்தால் டி25 டார்க்ஸ் பிட்டை (நட்சத்திர முனை) அடித்து இறக்கினால் பெரும்பாலும் வந்துவிடும். மாட்டும்போது மரையில் கிரீஸ், இறுக்கம் 5–6 நியூட்டன் மீட்டர், ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு இறுக்கு. கிரீஸ் போடாமல் மாட்டிய போல்ட், ஒரு மழைக்காலம் போனால் துருவேறி, சோலுக்குள் போல்ட்டைப் பிடிக்கும் மரைத்தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். சில ஷூக்களில் இன்சோலைத் தூக்கினால் உள்ளிருந்தே அந்தத் தகட்டை மாற்றலாம், வாங்கும்போதே தூக்கிப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள், மழைத்தண்ணீர் க்ளீட் துளை வழியாக ஏறாமல் தடுப்பது அதுதான்.

சைஸைச் சாயங்காலம் பாருங்கள், வெயிலில் கால் வீங்கியிருக்கும் நேரம். ஷிமானோ அட்டவணையில் 42 என்பது 26.5 செ.மீ. பாதம். செருப்பிலேயே வளர்ந்த நம் கால்களுக்கு முன்பக்கம் அகலம் போதாமல் போவது சகஜம். ஒரு சைஸ் ஏற்றி நீளத்தைக் கூட்டுவதைவிட, வைட் என்று தனியாக வரும் மாடலைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஸ்னீக்கர் நனைந்தால் காய ஒரு ராத்திரி போதாது. இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளை அடைத்து, இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றி, ஃபேன் காற்றில் வையுங்கள். உச்சி வெயிலில் வைத்தால் சோல் ஒட்டு இளகும். தள்ளுபடியில் பழைய ஸ்டாக் கிடைத்தால் சோலின் விளிம்பை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பாலியூரித்தேன் சோல், ஈரக்காற்றில் பெட்டிக்குள் சும்மா இருந்தாலே வருஷக்கணக்கில் சிதைந்துபோகும். பிசுபிசுத்தாலோ பொடி உதிர்ந்தாலோ, பாதி விலை என்றாலும் வேண்டாம்.